சிறு கல்வி நகரங்களில் காரின்றிப் போக்குவரத்து: திருப்பதி, சித்தூர் – ஓர் ஆய்வு

ஒரு நகரத்தின் போக்குவரத்து வசதியை மதிப்பிட முற்படும்போது, அந்நகரில் எத்தனை வாகனங்கள் ஓடுகின்றன, சாலைகளின் அகலம் என்ன, எத்தனை மேம்பாலங்கள் கட்டப்பட்டுள்ளன என்பவற்றைக் கணக்கிடுவதே வழக்கமாக இருந்து வருகிறது. இந்த அளவுகோல் முழுமையானதன்று. சொந்த வாகனம் ஏதுமில்லாத ஒருவர், தாங்கத்தக்க செலவிலும் நியாயமான நேரத்திலும், கல்லூரிக்கோ மருத்துவமனைக்கோ சந்தைக்கோ சென்று திரும்ப முடிகிறதா என்பதே உண்மையான சோதனையாகும். போக்குவரத்து என்பது தனக்காகவே விரும்பப்படும் பண்டம் அன்று. வேறொரு தேவையின் பொருட்டு எழும் தேவை அது. எனவே, அதன் பயனை ஓடிய தூரத்தைக் கொண்டு அளத்தல் பொருந்தாது. சென்றடைந்த வாய்ப்பைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

இச்சோதனை கல்வி நகரங்களில் தனி முக்கியத்துவம் பெறுகிறது. அங்கு மக்கள் தொகையில் கணிசமான பகுதியினர் சொந்த வருமானமற்ற மாணவர்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டுக் குடும்பங்களில் 4.7 சதவிகிதத்தினரிடமே கார் இருந்தது. 2019–21-இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்போதும் இந்த விகிதம் பத்தில் ஒன்றைத் தாண்டவில்லை. ஆகவே 'காரின்றி வாழ்தல்' என்பது மேலைநாடுகளில் ஒருவர் தேர்ந்துகொள்ளும் வாழ்க்கை முறையாக இருக்கலாம். நம் நாட்டிலோ அது பெரும்பான்மையோரின் இயல்பான நிலை. அந்நிலைக்கு ஏற்ப நமது நகரங்கள் அமைந்துள்ளனவா என்பதைத் திருப்பதி, சித்தூர் ஆகிய இரு நகரங்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு நகரங்களின் அமைப்பு

1911-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் ஆந்திரப் பிரதேசத்தில் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது, திருப்பதியைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டம் அமைந்தது. இரு நகரங்களுக்கும் இடையே சுமார் 70 கி.மீ. தூரம். 2011 கணக்கெடுப்பின்படி திருப்பதி மாநகராட்சியின் மக்கள் தொகை சுமார் 2.87 இலட்சம், சித்தூரின் மக்கள் தொகை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம்.

திருப்பதி உலகறிந்த புண்ணியத் தலம். அது ஒரு கல்வி நகரமாகவும் வளர்ந்திருப்பது அந்த அளவுக்குக் கவனிக்கப்படுவதில்லை. 1945-இல் தேவஸ்தானத்தின் கலைக் கல்லூரியும், 1954-இல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும் தோன்றின. அதைத் தொடர்ந்து பொறியியல், மருத்துவம், வேளாண்மை ஆகிய துறைகளுக்கான கல்லூரிகள் அடுத்தடுத்து எழுந்தன. 1960-களின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட சம்ஸ்கிருத வித்யாபீடம் 2020-இல் தேசிய சம்ஸ்கிருதப் பல்கலைக்கழகமாயிற்று. 1983-இல் மகளிருக்கென ஸ்ரீ பத்மாவதி பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 2015-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகமும் இங்குத் தொடங்கப் பெற்றன.

இந்நிறுவனங்கள் அமைந்த இடங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். தொடக்க காலத்துக் கல்லூரிகள் ரயில் நிலையத்திற்கும் பழைய ஊருக்கும் நடந்து செல்லும் தூரத்தில் அமைந்தன. அடுத்த தலைமுறையைச் சேர்ந்த பல்கலைக்கழக வளாகங்கள் ஊரின் மேற்கு விளிம்பில், சைக்கிள் தூரத்தில் அமைந்தன. அண்மைக் காலத்து மத்திய நிறுவனங்களோ நகரத்திலிருந்து 20 கி.மீ.க்கும் அப்பால், ஏர்ப்பேடு வட்டாரத்தில் நிலைபெற்றுள்ளன. விரிந்த நிலப்பரப்பு மலிவாகக் கிடைப்பது இதற்குக் காரணம். நிலத்தின் விலையில் மிச்சமாகும் தொகை, பல்லாண்டுக் காலம் மாணவர், ஊழியர் அனைவரும் செலுத்தும் பயணச் செலவாகவும் பயண நேரமாகவும் மாறிவிடுகிறது என்பது திட்டமிடுவோர் கணக்கில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

சித்தூரின் நிலை வேறு. நீவா நதிக்கரையில் அமைந்த அது ஒரு மாவட்டத் தலைநகர். நீதிமன்றம், அலுவலகம், அரசுக் கல்லூரி, சந்தை ஆகியவற்றை மையமாகக் கொண்ட ஊர். சுமார் 12 கி.மீ. தொலைவிலுள்ள காணிப்பாக்கம் கோயிலுக்கு வருவோர் நீங்கலாக, வெளியூர் யாத்திரிகர் கூட்டம் இங்குக் குறைவு. இந்த வேறுபாடு பேருந்து வசதியில் எவ்வாறு எதிரொலிக்கிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

கால்நடையும் சைக்கிளும்: ஓர் எளிய கணக்கு

மாணவர்கள் தாமே செய்து பார்க்கத்தக்க கணக்கு ஒன்றை இங்குத் தருவது பொருத்தமாகும். கல்லூரிக்குச் செல்ல 20 நிமிடம் ஒதுக்க ஒருவர் ஆயத்தமாக இருப்பதாகக் கொள்வோம். மணிக்கு 4.5 கி.மீ. வேகத்தில் நடப்பவர் இந்நேரத்தில் 1.5 கி.மீ. கடப்பார். மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் சைக்கிள் ஓட்டுபவர் 4 கி.மீ. கடப்பார். ஆனால் தெருக்கள் நேர்கோடாக அமைவதில்லை. நேர்த் தூரத்தைப் போல் 1.3 மடங்கு சுற்றிச் செல்ல வேண்டியிருக்கும் என்று கொண்டால், நடப்பவரின் எல்லை நேர்த் தூரத்தில் சுமார் 1.15 கி.மீ.; சைக்கிளில் செல்பவரின் எல்லை சுமார் 3.1 கி.மீ.

இவற்றை ஆரமாகக் கொண்டு வட்டம் வரைந்தால், நடப்பவர் எட்டக்கூடிய பரப்பு ஏறத்தாழ 4 சதுர கி.மீ. என்றும், சைக்கிளில் செல்பவர் எட்டக்கூடிய பரப்பு ஏறத்தாழ 30 சதுர கி.மீ. என்றும் கிடைக்கும். வேகம் மூன்று மடங்குகூட உயரவில்லை. எட்டும் பரப்போ ஏழு மடங்காகிவிடுகிறது. 2011 கணக்கெடுப்புக் காலத்தில் திருப்பதி மாநகராட்சியின் பரப்பு சுமார் 27 சதுர கி.மீ. என்பதை நினைவிற் கொண்டால், இக்கணக்கின் பொருள் தெளிவாகும். நகரின் மையப் பகுதியில் தங்கியிருக்கும் மாணவர் ஒருவருக்கு ஒரு சைக்கிள், அந்த ஊரின் பெரும்பகுதியை 20 நிமிடத்திற்குள் கொண்டுவந்துவிடுகிறது. சேஷாசல மலைகளின் அடிவாரத்தில் அமைந்திருப்பினும் ஊரின் பெரும்பகுதி சமதளமே என்பதும் இதற்குத் துணை செய்கிறது.

மறுபுறம், வளாகங்களின் உள்ளேயே நடைத் தூரம் மிகுதி என்பதையும் மறத்தலாகாது. ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழக வளாகம் சுமார் 1,000 ஏக்கர் பரப்புடையது. இது 4 சதுர கி.மீ.; அதாவது ஒரு பக்கம் 2 கி.மீ. நீளமுள்ள சதுரத்திற்கு ஈடானது. வாயிலில் பேருந்திலிருந்து இறங்கும் மாணவி வளாகத்தின் மறுகோடியிலுள்ள துறைக்கு நடந்து செல்ல அரை மணி நேரம்கூடத் தேவைப்படலாம். பயணத்தின் இந்தக் கடைசிப் பகுதியே பலரை மோட்டார் சைக்கிளுக்குத் திருப்புகிறது. பேருந்து நன்றாக ஓடினும், இறங்கிய பின் நடக்க நிழலில்லையெனில் பயன் குறைந்துவிடும்.

நம் நாட்டில் நடப்போரின் எண்ணிக்கை சிறிதன்று. 2011 கணக்கெடுப்பில், விவசாயம் சாராத சுமார் 20 கோடித் தொழிலாளரின் பயண முறை பதிவு செய்யப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழ 4.5 கோடிப் பேர் பணிக்கு நடந்தும், 2.6 கோடிப் பேர் சைக்கிளிலும் சென்றனர். கார், ஜீப் ஆகியவற்றில் சென்றோர் அரைக் கோடியைச் சற்றே தாண்டினர். மாணவர்கள் இக்கணக்கில் அடங்கவில்லை. அவர்களையும் சேர்த்தால் நடப்போரின் பங்கு மேலும் உயரும் என்பதில் ஐயமில்லை.

சைக்கிளும் சமூக மாற்றமும்

சைக்கிள் வெறும் வாகனமாக மட்டும் பயன்பட்டதில்லை என்பதற்கு அண்டை மாநிலமான தமிழ்நாட்டில் சான்று உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் கற்றனர். தண்ணீர் கொணரவும், சந்தைக்குச் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் மற்றவரை எதிர்பார்த்திருந்த நிலை மாறியது. பின்னர்த் தமிழக அரசு மேனிலைப் பள்ளி மாணவ மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் வழங்கும் திட்டத்தைப் படிப்படியாக விரிவாக்கியது.

2006-இல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பண உதவி அளிக்கத் தொடங்கியது. இதன் விளைவை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளீதரன், நிஷித் பிரகாஷ் ஆகிய இருவரும், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவியர் விகிதம் 32 சதவிகிதம் உயர்ந்தது என்றும், ஆண்–பெண் இடைவெளி 40 சதவிகிதம் சுருங்கியது என்றும் கண்டறிந்தனர். பள்ளியிலிருந்து தொலைவில் உள்ள கிராமங்களிலேயே பயன் மிகுந்திருந்தது. தூரம் என்பது கல்விக்கு மறைமுகமாக விதிக்கப்படும் வரி என்பதும், அவ்வரியின் சுமை பெண் பிள்ளைகள் மீதே அதிகம் விழுகிறது என்பதும் இதனால் பெறப்படும்.

எனினும் பள்ளியில் பெற்ற சைக்கிள் கல்லூரி வாசலில் நின்றுவிடுகிறது. சாலையில் பாதுகாப்பின்மை, வண்டியை நிறுத்த நிழலுள்ள இடமின்மை, கோடை வெயில், 'படித்தவர் சைக்கிளில் செல்வதா' என்னும் மனப்பான்மை ஆகியன இதற்குக் காரணங்கள். இவற்றுள் முதலிரண்டும் நிர்வாகத்தால் தீர்க்கக்கூடியவை. அவை தீர்ந்தால் மற்றவையும் ஓரளவு தாமே தணியும்.

பேருந்தும் அதன் பொருளாதாரமும்

பேருந்துப் பயணத்தின் உண்மைச் செலவு சீட்டின் விலை மட்டுமன்று. நடக்கும் நேரம், காத்திருக்கும் நேரம், பயண நேரம் ஆகியவற்றின் மதிப்பையும் அதனுடன் கூட்ட வேண்டும். மணிக்கு ஒரு பேருந்து ஓடும் தடத்தில், கால அட்டவணை அறியாது நிறுத்தத்திற்கு வருபவர் சராசரியாக 30 நிமிடம் காத்திருக்க நேரும். கால் மணிக்கு ஒன்று ஓடினால் காத்திருப்பு ஏழரை நிமிடமாகக் குறையும்.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் மோரிங் 1972-இல் இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவைப் பெற்றார். ஒரு தடத்தில் பயணிகள் பெருகினால் அடிக்கடி பேருந்து விட முடியும். அடிக்கடி பேருந்து ஓடினால் பழைய பயணிகளின் காத்திருப்பும் குறையும். அதாவது, புதிதாக வரும் ஒவ்வொரு பயணியும் மற்றவர்களுக்கு நன்மை செய்கிறார். மாறாக, ஒருவர் பேருந்தை விட்டு மோட்டார் சைக்கிளுக்கு மாறும்போது, எஞ்சியோருக்கு இழப்பு நேர்கிறது. பயணிகள் குறைய, சேவை குறையும். சேவை குறைய, பயணிகள் மேலும் குறைவர். இத்தகைய சுழற்சியைச் சந்தை தானாகச் சீர்செய்வதில்லை. பேருந்துக்கு அரசு மானியம் அளிப்பதற்கான பொருளாதார நியாயம் இதில் அடங்கியுள்ளது.

திருப்பதியையும் சித்தூரையும் ஒப்பிட்டால் இக்கோட்பாடு கண்கூடாக விளங்கும். திருமலைக்கு ஆண்டுதோறும் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட யாத்திரிகர் வருகின்றனர். 1944-இல் முதல் மலைச்சாலை திறக்கப்படும் வரை அவர்கள் படிவழியே நடந்தோ டோலியில் அமர்ந்தோ ஏறினர். 1974-இல் இரண்டாவது சாலை அமைந்தபின், ஏறுவதற்கொன்றும் இறங்குவதற்கொன்றுமாக அவை பயன்படலாயின. அலிபிரியிலிருந்து சுமார் 3,550 படிகள் ஏறிச் செல்வோர் இன்றும் திரளாக உள்ளனர். மலைமேலோ, தேவஸ்தானத்தின் 'தர்ம ரதம்' பேருந்துகள் கட்டணமின்றிச் சுற்றி வருகின்றன. சொந்த வாகனமின்றி வருவோருக்காக ஓர் ஊரையே ஒழுங்குபடுத்த முடியும் என்பதற்குத் திருமலை நல்ல சான்று.

இந்த யாத்திரிகர் பெருக்கத்தினால் திருப்பதி மத்தியப் பேருந்து நிலையத்திற்கு நாற்றிசையிலிருந்தும் நாளெல்லாம் பேருந்துகள் வந்த வண்ணம் உள்ளன. சந்திரகிரி, ரேணிகுண்டா, ஸ்ரீகாளஹஸ்தி, பூத்தூர் வழித்தடங்களில் உள்ள மாணவர்கள், யாத்திரிகரின் பொருட்டு எழுந்த சேவையின் பயனைத் தாமும் பெறுகின்றனர். 2022-இல் திருப்பதியை மையமாகக் கொண்டு 100 மின்சாரப் பேருந்துகளை மாநிலப் போக்குவரத்துக் கழகம் இயக்கத் தொடங்கியது; அவற்றுள் பாதி மலைத் தடத்திற்கு ஒதுக்கப்பட்டன. சித்தூருக்கு இத்தகைய துணை இல்லை. அங்கு உள்ளூர்ப் பயணிகளின் எண்ணிக்கையே சேவையின் அளவைத் தீர்மானிக்கிறது. எனவே சிறிய நகரத்தின் பேருந்துக்கே ஆதரவு அதிகம் தேவை. ஆனால் நமது திட்டங்கள் மக்கள் தொகை மிகுந்த நகரங்களையே முதலில் நாடுகின்றன. 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதலளித்த 10,000 மின்சாரப் பேருந்துகளுக்கான திட்டமும், 2011 கணக்கெடுப்பின்படி மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள் தொகை கொண்ட நகரங்களையே முக்கியமாகக் கருத்திற் கொண்டது. சித்தூரைப் போன்ற ஊர்கள் இவ்வரம்பிற்கு வெகு கீழே நிற்கின்றன.

கட்டணமில்லாப் பயணம்

ஆந்திரப் பிரதேச அரசு 2025 ஆகஸ்டு 15 முதல் 'ஸ்திரீ சக்தி' திட்டத்தின் கீழ் மாநிலத்தைச் சேர்ந்த மகளிருக்குப் பல்லெ வெலுகு, எக்ஸ்பிரஸ் முதலிய வகைப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்யும் உரிமையை அளித்தது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் இத்தகைய வசதி நடைமுறைக்கு வந்தது. கிராமத்திலிருந்து நாள்தோறும் கல்லூரிக்கு வரும் மாணவிக்கு இது கல்வி உதவித்தொகைக்கு ஈடான உதவியாகும்.

ஆயினும் மேலே கூறிய கணக்கின்படி, சீட்டின் விலை நீங்கினாலும் காத்திருக்கும் செலவு நீங்குவதில்லை. பயணிகள் பெருகும்போது பேருந்துகளின் எண்ணிக்கையும் அதற்கேற்பப் பெருகாவிடில், நெரிசல் என்னும் வேறு விலையை அவர்கள் செலுத்த நேரும். பெருகிய தேவைக்கு ஏற்ப அடிக்கடி பேருந்து விடப்படின், மோரிங் கூறிய நற்சுழற்சி தொடங்கும். ஆகவே, கட்டணச் சலுகையும் பேருந்து எண்ணிக்கையும் ஒரே திட்டத்தின் இரு பகுதிகளாகக் கருதப்படல் வேண்டும். மாலையில் நூலகம் மூடும் நேரத்திற்குப் பின் கடைசிப் பேருந்து உண்டா என்பது, மாணவி ஒருத்தியின் தேர்வு முடிவையே பாதிக்கவல்ல கேள்வியாகும்.

பங்கு ஆட்டோவும் ரயிலும்

பேருந்து விடும் இடைவெளியைப் பங்கு ஆட்டோக்கள் நிரப்புகின்றன. அவை அடிக்கடி கிடைக்கின்றன. கைகாட்டிய இடத்தில் நிற்கின்றன. ஆனால் கூட்டம் மிகுந்த நேரத்தில் மிகுந்த தடத்தில் மட்டும் ஓடி, இலாபமற்ற நேரத்தையும் தடத்தையும் பேருந்துக்கு விட்டுவிடும் இயல்பும் அவற்றுக்கு உண்டு. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றுவது மற்றொரு குறை. இவற்றைத் தடை செய்வதைக் காட்டிலும், தடம், நிறுத்தம், ஆள் எண்ணிக்கை, கட்டணம் ஆகியவற்றை வரையறுத்துப் பேருந்து நிலையத்திற்குத் துணைச் சேவையாக ஏற்பதே நடைமுறைக்கு உகந்தது.

ரயில் பாதை இப்பகுதிக்கு வாய்த்த பழஞ்சொத்து. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விழுப்புரத்திலிருந்து காட்பாடி, சித்தூர், பாகாலா வழியே தர்மாவரத்திற்கு மீட்டர் பாதை அமைந்தது. பாகாலாவில் பிரிந்த கிளை சந்திரகிரி, திருப்பதி வழியாக ரேணிகுண்டாவை அடைந்தது. இன்று இவை அகலப்பாதைகள். திருப்பதி நிலையத்திற்கு மேற்கே ஒரு சிறு நிறுத்தமும் கிழக்கே திருச்சானூர் நிலையமும் உள்ளன. ரேணிகுண்டா–கூடூர்ப் பாதையில் ஏர்ப்பேடு நிலையம் உள்ளது. சித்தூர் முதல் ஏர்ப்பேடு வரை கல்வி நிறுவனங்கள் பலவும் ஒரே இருப்புப் பாதையை ஒட்டியே அமைந்துள்ளன என்பது குறிப்பிடத்தக்கது. கல்லூரி நேரத்திற்கு இசைந்த பயணி ரயில்களும், நிலையத்திலிருந்து வளாகத்திற்கு இணைப்புப் பேருந்துகளும் அமையுமாயின், புதிதாக ஒரு மீட்டர் சாலையும் போடாமலே பெரும் பயன் விளையும்.

மோட்டார் சைக்கிள் என்னும் போட்டியாளர்

நமது சிறு நகரங்களில் பேருந்துக்கும் சைக்கிளுக்கும் உண்மையான போட்டி கார் அன்று, மோட்டார் சைக்கிளே. 2011-இல் 21 சதவிகிதக் குடும்பங்களிடம் இருந்த இருசக்கர மோட்டார் வாகனம், 2019–21 ஆய்வின்போது ஏறத்தாழப் பாதிக் குடும்பங்களை எட்டிவிட்டது. வாசலிலிருந்து வாசலுக்குச் செல்லும் வசதியும், காத்திருப்பு இன்மையும் இதன் சிறப்பு. இச்சிறப்பை மறுத்துப் பயனில்லை.

ஆனால் இதன் சமூகச் செலவு மிகப் பெரிது. 2022-இல் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 44 சதவிகிதத்திற்கும் மேற்பட்டோர் இருசக்கர மோட்டார் வாகனத்தில் சென்றவர்கள்; ஐவரில் ஒருவர் நடந்து சென்றவர். உயிரிழந்தோருள் இளவயதினரே பெரும்பான்மையினர். ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பும், அரசு கல்விக்கெனச் செய்த முதலீடும் ஒரு நொடியில் அழிந்துபோவதைப் போக்குவரத்துத் துறையின் கணக்கு மட்டும் காட்டிவிடாது.

சாலை இடத்தைப் பயன்படுத்தும் திறனிலும் வேறுபாடு பெரிது. மூன்றரை மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தில், நகர்ப்புறச் சூழலில், மணிக்குக் கார்களில் சுமார் 2,000 பேரும், பேருந்தில் 9,000 பேரும், சைக்கிளில் 14,000 பேரும், நடந்து 19,000 பேரும் செல்ல முடியும் என்பது போக்குவரத்து நூல்களில் பரவலாக எடுத்துக்காட்டப்படும் மதிப்பீடு. திருப்பதியில் யாத்திரிகர் வாகனங்கள் ஊருக்குள் சிக்காமல் அலிபிரியை அடையும் பொருட்டு அமைக்கப்பட்ட ஸ்ரீனிவாச சேது மேம்பாலம் 2023-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. மேலே செல்லும் வாகனங்களுக்கு வழி கிடைத்தது. இதனால் கீழே விடுபடும் சாலை இடம் யாருக்கு ஒதுக்கப்படும் என்பதே இனி எழும் கேள்வி. அதை நிறுத்தப்பட்ட வாகனங்கள் ஆக்கிரமித்துக்கொள்ளுமாயின், செலவின் பயனில் பாதி வீணாகும்.

பிற நாடுகளின் அனுபவம்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் விரிவடைந்தபோது, அதன் தலைவர் எமில் மிராக் வளாகத்தைச் சைக்கிளுக்கு ஏற்றதாகத் திட்டமிடுமாறு கேட்டுக்கொண்டார். 1967-இல் அந்நகராட்சி தெருக்களில் சைக்கிளுக்கெனத் தனித் தடங்களை வகுத்தது; அமெரிக்காவில் அதுவே முதல் முயற்சி. மறு ஆண்டில் மாணவர்களே பேருந்துச் சேவை ஒன்றைத் தொடங்கினர். அதற்கு அவர்கள் வாங்கியவை லண்டனில் ஓடிய இரண்டு பழைய மாடிப் பேருந்துகள். அச்சேவை இன்றும் நகர மக்கள் அனைவருக்கும் பயன்படுகிறது.

நெதர்லாந்தின் பல்கலைக்கழக நகரமான கிரோனிங்கன் 1977-இல் தன் மையப் பகுதியை நான்கு வட்டகைகளாகப் பிரித்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காரில் செல்ல வேண்டுமாயின் புறச்சாலையைச் சுற்ற வேண்டும். நடந்தோ சைக்கிளிலோ நேரே செல்லலாம். வணிகர்கள் முதலில் எதிர்த்தனர், திட்டம் நிலைத்தது. நம் நாட்டில் மைசூரு நகரம் 2017-இல் 450 சைக்கிள்களுடன் பொதுச் சைக்கிள் சேவையைத் தொடங்கியது. இவற்றிலிருந்து அறியக் கிடப்பது ஒன்றே. செல்வ வளம் மட்டும் இம்மாற்றங்களைக் கொணரவில்லை. பல்கலைக்கழகமும் நகராட்சியும் சேர்ந்தமர்ந்து எடுத்த முடிவே கொணர்ந்தது.

செய்யத்தக்கவை

2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களைக் காட்டிலும் மனிதரின் போக்குவரத்தே முக்கியம் என்பதை ஏற்றுக்கொண்டது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21-ஆவது பிரிவு காக்கும் உரிமையின் பகுதியே எனக் கூறியது. கொள்கையும் சட்டமும் தெளிவாக உள்ளன. அவற்றை இவ்விரு நகரங்களின் அளவில் செயற்படுத்த, கீழ்க்காண்பவை கருதத்தக்கன.

முதலாவது, நடைபாதை. குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம் வேண்டுமென்பது இந்தியச் சாலைகள் பேரவை வகுத்த அளவு. பேருந்து நிலையம், ரயில் நிலையம், கல்லூரி வாயில்கள் ஆகியவற்றை இணைக்கும் தெருக்களில் இது முதலில் நிறைவேற்றப்பட வேண்டும். தெரு வணிகரை விரட்டுதல் இதற்கு வழியன்று. 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுக்கு உரிய இடம் வகுத்தல் வேண்டும். இருபுறமும் புங்கு, வேம்பு போன்ற நிழல் மரங்கள் நடுதல் இவ்வெப்பப் பகுதிக்கு இன்றியமையாதது.

இரண்டாவது, சைக்கிள். ஒவ்வொரு கல்லூரியிலும் கூரையுள்ள நிறுத்துமிடமும், காற்றடிக்கவும் பழுது பார்க்கவும் ஓர் இடமும் அமைப்பதற்கு ஆகும் செலவு சிறிது. பெரிய வளாகங்களில் வாயிலிலிருந்து துறைகளுக்குச் செல்லப் பொதுச் சைக்கிள்களும் சிறு மின்சார வண்டிகளும் விடலாம்.

மூன்றாவது, நேர ஒழுங்கு. அனைத்துக் கல்லூரிகளும் ஒரே நேரத்தில் தொடங்கினால் ஒரு மணி நேரத்திற்கென மிகுதியான பேருந்துகளை வாங்கி, எஞ்சிய நேரம் சும்மா நிறுத்தி வைக்க நேரும். அரை மணி இடைவெளியில் கல்லூரிகள் தொடங்குமாயின், அதே பேருந்து இருமுறை பயன்படும். இதற்குப் பணம் தேவையில்லை. கல்லூரி முதல்வர்களும் பணிமனை மேலாளரும் ஒரு நாள் கூடிப் பேசினால் போதும்.

நான்காவது, இட அமைவு. புதிய கல்வி நிறுவனத்திற்கு நிலம் தேர்வு செய்யும்போது, நிலத்தின் விலையுடன், அடுத்த 30 ஆண்டுகளுக்கு அங்குச் சென்று வருவோரின் பயணச் செலவையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும். ரயில் நிலையத்திலிருந்து நடைத் தூரத்தில் உள்ள விலையுயர்ந்த நிலம், இக்கணக்கில் பல நேரங்களில் மலிவாகவே முடியும்.

ஐந்தாவது, கணக்கெடுப்பு. சாலைகளில் வாகனங்களை எண்ணுவதோடு நில்லாமல், மனிதரை எண்ணும் பழக்கம் வேண்டும். பொருளாதாரம், புவியியல் பயிலும் மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை தம் கல்லூரி வாயிலில் நின்று, நடந்தும் சைக்கிளிலும் பேருந்திலும் ஆட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் வருவோரைத் தனித்தனியே எண்ணலாம். புறப்பட்ட இடம், பயண நேரம், காத்திருந்த நேரம், செலவு ஆகிய நான்கையும் நூறு பேரிடம் கேட்டறிந்தாலே ஒரு நகரத்தின் நிலை தெளிவாகும். நகராட்சிக்குப் பயன்படும் ஆவணம் ஒன்று செலவின்றிக் கிடைக்கும். மாணவருக்கும் இது நல்ல செய்முறைப் பயிற்சி.

முடிவுரை

கல்லூரியில் இடம் கிடைத்தும் சென்று வர வழியின்மையால் படிப்பைக் கைவிடும் ஒரு மாணவியின் இழப்பு எந்தப் போக்குவரத்துப் புள்ளிவிவரத்திலும் பதிவாவதில்லை. அவர் சாலையில் தோன்றாததனால் நெரிசலில் அவருக்குப் பங்கில்லை, புகாரும் இல்லை. சாலையில் உள்ளோருக்காக மட்டும் திட்டமிடும் நகரம் இத்தகையோரை என்றும் காணாது. திருப்பதி, சித்தூர் போன்ற ஊர்கள் இன்னும் கைமீறிப் பெருத்துவிடவில்லை; சைக்கிள் எட்டும் எல்லைக்குள்ளேயே அவற்றின் பெரும்பகுதி அடங்கியுள்ளது. பெருநகரங்கள் பல்லாயிரம் கோடி செலவிட்டு மீட்க முயலும் நன்மையை, இவ்வூர்கள் இழக்காமல் காத்துக்கொள்ளச் சில கோடிகளே போதும். அதற்கான காலம் அடுத்த பத்து ஆண்டுகளே என்பதை நகராட்சி மன்றங்களும் கல்வி நிறுவனங்களும் உணர்ந்து செயற்படுதல் வேண்டும்.